போட்டாதாங்கில் ஒரு நீல வயர்

ரொம்ப நாளாச்சு மக்களே, இந்தப் பக்கம் தலை காட்டி. பரீட்சை, கரண்ட் கட், கரண்ட் இருக்கும்போது நெட் வராதது என்று காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. எல்லாத்தையும் சொன்னா நீங்க ஓடிடுவீங்க. நேரா மேட்டருக்கு வந்துடறேன். பழைய லாரியில் குரூஸ் கன்ட்ரோல் வேலை செய்யலைன்னா என்ன பண்ணணும் என்கிற, தமிழ்ப் பதிவுலகமே ஆவலோடு காத்துக்கிட்டு இருந்த தலைப்புதான் இன்னிக்கு :-)

"பர்மிய மொழி படிக்கப் போனவன் லாரியைப் பத்தி ஏன்டா எழுதறே?"ன்னு கேக்கறவங்களுக்கு: நான் நாமக்கல். பாடி கட்டற பட்டறையோட வெல்டிங் வெளிச்சத்துல வீட்டுப்பாடம் எழுதின ஆளு. எங்க தெருவுல சின்னப் பசங்க டயர் சத்தத்தை வச்சே லோடு வண்டியா காலி வண்டியான்னு சொல்லிடுவாங்க. ஆனா குரூஸ் கன்ட்ரோல்னு ஒண்ணை எங்க ஊர்ப் பழைய லாரியில நான் பார்த்ததே இல்லை. நம்ம நாட்டுல பி.எஸ். 6 வந்த 2020-க்கு அப்புறம் இறங்கின பெரிய வண்டிகள்லதான் அது பரவலா தலைகாட்ட ஆரம்பிச்சது. அப்பா காலத்து குரூஸ் கன்ட்ரோல்னா ஆக்ஸிலேட்டர் மேல வைக்கிற செங்கல்தான். (நிஜமாவே வச்சவங்க உண்டு. அந்தக் கதை எதுவும் நல்லா முடியலை.)

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. நல்ல ரோட்டுல 60-ல போய்க்கிட்டு இருக்கீங்க. ஒரு பட்டனை அமுக்கினா வண்டி அதே 60-ஐப் பிடிச்சுக்கும், நீங்க காலை எடுத்துடலாம். மேடு வந்தா தானா டீசலைக் கூட்டும், இறக்கம் வந்தா குறைக்கும். பிரேக்கையோ கிளட்சையோ லேசா தொட்டாலே விட்டுடணும். இதைக் கண்டுபிடிச்ச ரால்ஃப் டீட்டர் ஐந்து வயசுல பார்வை இழந்தவர். அவரோட வக்கீல் காரோட்டும்போது, தான் பேசறப்ப மெதுவாவும் அடுத்தவர் பேசறப்ப வேகமாவும் ஓட்டுவாராம். கண் தெரியாம பக்கத்துல உக்காந்து அந்தக் குலுக்கலைத் தாங்க முடியாமதான் யோசிச்சாராம். 1950-ல் காப்புரிமை கிடைச்சது, 1958-ல் கிரைஸ்லரின் இம்பீரியல் காரில் வந்தது. ஒரு வக்கீலால உலகத்துக்கு நடந்த நல்லது!

இப்ப யாங்கோனுக்கு வருவோம். நான் குடியிருக்கறது போட்டாதாங். ஆத்தங்கரையில இருக்கற போட்டாதாங் பகோடா பேருதான் பேட்டைக்கும் பேரு. ஆயிரம் தளபதிகள்னு அர்த்தம். 1943 நவம்பரில் நேச நாடுகளின் விமானக் குண்டில் நொறுங்கி, அப்புறம் திரும்பக் கட்டின பகோடா. உள்ளே கூடாக இருக்கும், நடந்து போகலாம். அதை ஒட்டி ஸ்ட்ராண்ட் ரோடு, ஜெட்டிகள், குடோன்கள், அப்புறம் லாரிகள். ராத்திரி ஏர் பிரேக் 'புஸ்ஸ்' சத்தம் கேட்டாதான் எனக்குத் தூக்கமே வருது. ஊர் ஞாபகம்.

இங்க ஓடற லாரிகள்ல பெரும்பாலானது ஜப்பான்ல ஓடி முடிச்சு வந்த வண்டிகள். பக்கவாட்டுல அங்கத்து மீன் கம்பெனி, பார்சல் கம்பெனி பேரு அப்படியே இருக்கும். பெயிண்ட் அடிக்க மாட்டாங்க, ஜப்பான் எழுத்து இருந்தாதான் மவுசு. சிலதுல பின்னாடி ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். 2003 செப்டம்பர்ல இருந்து ஜப்பான்ல பெரிய லாரிகளுக்கு 90 கி.மீ.க்கு மேல போகாதபடி கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம் ஆச்சு, அதோட அடையாளம் அது. இங்க யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது, அழகுக்கு இருக்குன்னு நினைச்சுக்கறாங்க. எல்லாம் வலது பக்க ஸ்டியரிங். ஆனா நாடு 1970-லயே ரோட்டோட வலது பக்கத்துக்கு மாறிடுச்சு. அதனால ஓவர்டேக் பண்ணணும்னா டிரைவருக்கு எதிர்ல வர்றது தெரியாது. இடப்பக்கம் உக்காந்திருக்கற கிளீனர் பையன் எட்டிப் பார்த்து "போலாம்"னு சொல்லணும். லாரித் தொழில்ல இதைவிடப் பெரிய நம்பிக்கை எதுவும் கிடையாது.

இந்த வண்டிகள்ல பலதுல குரூஸ் இருக்கு. ஜப்பான் எக்ஸ்பிரஸ்வேல ராத்திரி பூரா ஓடின வண்டிங்க, இல்லாம எப்படி? ஆனா இங்க வந்ததும் அந்த பட்டனை யாரும் தொடறதில்லை. யாங்கோன்-மண்டலே எக்ஸ்பிரஸ்வே 2010 கடைசியில முழுசா திறந்தப்ப கனரக லாரிகளுக்கு அனுமதி இல்லை. லாரிக்காரங்களுக்கு பகோ (நம்ம பெரியவங்க வாயில பெகு), தவுங்கூ வழியா போற பழைய ரோடுதான். பள்ளம், மாடு, செக்போஸ்ட், அதுக்கப்புறம் இன்னொரு செக்போஸ்ட். குரூஸ் போடற மாதிரி நீளமா ரோடு கிடைக்கறது அபூர்வம். இருந்தாலும் டீசல் விக்கிற விலையில ஒரே வேகத்துல போனா கொஞ்சம் மிச்சமாகும்னு சில டிரைவருங்க பட்டனைத் தேட ஆரம்பிச்சிருக்காங்க. 2021 தொடக்கத்துல ஒரு டாலருக்கு 1,300 சொச்சம் சாட் இருந்தது, 2024-ல வெளி மார்க்கெட்ல 4,000-ஐத் தாண்டிடுச்சு. டீசல்ல பெரும்பகுதி வெளிநாட்டுல இருந்து வர்ற ஊர்ல இது என்ன பண்ணும்னு சொல்ல வேண்டியதில்லை.

எங்க தெருவுக்குப் பக்கத்துல ஒரு பட்டறை. பர்மியில 'வப்ஷொ'ன்னு சொல்றாங்க, வொர்க்‌ஷாப்தான் அப்படித் தேய்ஞ்சு போச்சு. (ஆக்ஸிலேட்டருக்கு இங்க 'லீவா'. லீவர்! இந்த மாதிரி வார்த்தை பொறுக்கத்தான் நான் அங்க போக ஆரம்பிச்சேன்.) நடத்தறவர் தமிழர், அறுபத்தி சொச்சம் வயசு. எல்லாரும் 'சயா'ன்னு கூப்பிடறாங்க, வாத்தியார்னு அர்த்தம், கைவேலை தெரிஞ்சவருக்கும் அதே மரியாதை. நானும் சயான்னுதான். அவருக்கு நான் 'தம்பி'. 1964-ல கடைகளை எல்லாம் நாட்டுடைமை ஆக்கினப்ப அவரோட பெரியப்பா குடும்பம் கப்பலேறி சென்னைக்குப் போயிடுச்சு, அப்பா மட்டும் போகலை. "போயிருந்தா நானும் பீச் ஸ்டேஷன் எதிர்ல பர்மா பஜார்ல அத்தோ கிண்டிக்கிட்டு இருந்திருப்பேன்"ம்பாரு. தொழில் கத்துக்கிட்டது ஹினோ டி.ஈ. லாரியில. போருக்கான நஷ்டஈடா ஜப்பான் கொடுத்த திட்டங்கள்ல பர்மாவுக்குள்ளயே கட்டின மூக்கு நீண்ட லாரி அது. அதுல எலக்ட்ரானிக்ஸ்னு எதுவுமே கிடையாது. ஆனா இன்னிக்கு இந்தப் பேட்டையில கம்ப்யூட்டர் வச்ச லாரிக்கு மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிஞ்ச ஆள்னா இவர்தான்.

போன மழைக்காலம் முடியற நேரம். சாயங்காலம் ஒரு பத்துச்சக்கர வண்டி வந்து நின்னுச்சு. டிரைவருக்கு ஐம்பதுக்கு மேல இருக்கும். மேலே போறப்ப சிமென்ட், வர்றப்ப வெங்காயமோ உளுந்தோ. வலது முட்டி அவருக்குப் போயிடுச்சு. ஆக்ஸிலேட்டரை ஒரே நிலையில அரை மணி நேரம் அமுக்கினா கீழ இறங்கறப்ப கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அதனால இருக்கற கொஞ்ச நல்ல ரோட்டுலயாவது குரூஸ் போட்டுக்கறார். இப்ப அது மக்கர்.

"என்ன பண்ணுது?"ன்னு சயா கேட்டார். இதைத்தான் நான் ரசிச்சேன். நம்ம ஊர்ல பல பேர் கேக்கறதுக்கு முன்னாடியே ஸ்பேனரை எடுத்துடுவாங்க.

டிரைவர் சொன்னார்: "சாவி போட்டதும் ஒரு தடவை நல்லா பிடிக்குது சயா. பிரேக் மிதிச்சா விட்டுடுது. அதுக்கப்புறம் எத்தனை தடவை அமுக்கினாலும் பிடிக்கலை. மறுபடி சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாத்தான்."

"அப்ப என்ன பண்றீங்க?"

"ஓடிக்கிட்டே இருக்கும்போது சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக்குவேன்."

சயா டீ கிளாஸைக் கீழே வச்சுட்டார். எனக்கு வயிறு கலங்குச்சு. முழு லோடோட ஓடற வண்டியில சாவியைத் திருப்பறதுன்னா பவர் ஸ்டியரிங்குக்கு இன்ஜினோட உதவி போகலாம், பிரேக்குக்குக் காத்து ஏத்தற கம்ப்ரஸரும் இன்ஜினை நம்பித்தான் இருக்கு. சாவி ஒரு கட்டம் கூடப் போயிட்டா ஸ்டியரிங் பூட்டிக்கும். முட்டி வலிக்காக இவ்வளவு பெரிய ஆட்டம். கிளீனர் பையன் பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்தான், அவனுக்கு இது தினசரி.

குரூஸை ஒரு தனி மிஷின்னு நாம நினைக்கிறோம். பழைய வண்டிகள்ல உண்மையிலேயே தனியா ஒரு மோட்டாரோ, வாக்குவத்துல இயங்கற டப்பாவோ இருந்து ஆக்ஸிலேட்டர் கேபிளை இழுக்கும். இந்த மாதிரி எலக்ட்ரானிக் டீசல் வண்டியில அதுவும் கிடையாது. இன்ஜின் கம்ப்யூட்டரே டீசல் அளவை மாத்திக்கும். அதனால குரூஸ் பார்ட் மாத்தணும்னு வந்தா, மாத்தற பார்ட் பெரும்பாலும் குரூஸோடதா இருக்காது. வண்டியில ஏற்கெனவே இருக்கற நாலஞ்சு பேர் சம்மதம் சொன்னாத்தான் குரூஸ் பிடிக்கும். மெயின் ஸ்விட்ச், கியர் பாக்ஸ் பின்னாடி இருக்கற ஸ்பீடு சென்ஸார், கிளட்ச் ஸ்விட்ச், பிரேக் ஸ்விட்ச், லாரியா இருந்தா எக்ஸாஸ்ட் பிரேக்கும் சேர்த்தி. இதுல ஒருத்தர் "வேண்டாம்"னு சொன்னாலும் கல்யாணம் நின்னுடும். சயா தேடறது கெட்ட பார்ட்டை இல்லை. வேண்டாம்னு சொல்றது யாரு, ஏன் சொல்றாங்கன்னுதான் தேடறார்.

மெயின் ஸ்விட்சை அமுக்கினதும் மீட்டர்ல விளக்கு வந்துச்சு. ஃபியூஸ், ஸ்விட்ச், அதுவரைக்கும் வர்ற கரண்ட் எல்லாம் சரி. அடுத்து ஸ்பீடோமீட்டர் முள். "துள்ளுதா?" "மழையில துள்ளும் சயா." சென்ஸார் கப்ளரைக் கழட்டினா உள்ளே பச்சையா பூத்திருந்தது. சுரண்டி, சுத்தம் பண்ணி, இறுக்கிப் போட்டாச்சு. ஜப்பான்காரன் கணக்குல மீட்டர் கேபிள் ஒரு கி.மீ.க்கு 637 சுத்து சுத்தணும். எலக்ட்ரானிக் சென்ஸார் அதையே துடிப்பா மாத்தி அனுப்பும். டயர் அளவு மாத்தியிருந்தா மீட்டர் பொய் சொல்லும், ஆனா குரூஸுக்கு அதைப் பத்திக் கவலை இல்லை. துடிப்பு சீரா வந்தா போதும். நடுவுல ஒரு துடிப்பு விட்டுப்போனா பயந்துக்கிட்டு கையை எடுத்துடும்.

அப்புறம் என்னைப் பின்னாடி போய் நிக்கச் சொன்னார். என் பங்குக்கு அதுதான் வேலை. பிரேக் மிதிச்சா சிவப்பு விளக்கு எரியுது, விட்டா அணையுது. கத்திச் சொன்னேன். சயா தலையாட்டிக்கிட்டே டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விடறதுக்கு முன்னாடி என்கிட்ட தமிழ்ல சொன்னார்: "எவனோ டைரக்ட் குடுத்திருக்கான் தம்பி. பாரு, இருக்கும்."

இருந்தது. பிரேக் பெடலுக்கு மேலே இருக்கற ஸ்விட்ச்ல இருந்து வர்ற நாலு வயர்ல ரெண்டைச் சீவி, நடுவுல ஒரு நீல வயர் துண்டை முறுக்கி, டேப் சுத்தியிருந்தது. டேப்பு புதுசுதான், வேலை பழைய வேலை. எந்தப் பட்டறையில பண்ணினாங்கன்னு டிரைவர் சொன்னார், அது இங்க வேண்டாம்.

இந்த இடம் கொஞ்சம் நுணுக்கம், பொறுமையா படிங்க. ஒரு பிரேக் ஸ்விட்ச்சுக்குள்ள ரெண்டு ஜோடி இருக்கு. முதல் ஜோடி சும்மா இருக்கும்போது பிரிஞ்சிருக்கும். மிதிச்சா சேரும், பின் விளக்கு எரியும், கம்ப்யூட்டருக்கும் சேதி போகும். ரெண்டாவது ஜோடி நேர் எதிர். சும்மா இருக்கும்போது சேர்ந்திருக்கும், மிதிச்சா பிரியும். இதுதான் குரூஸுக்கான சம்மதம். ஒரே காலுக்கு ஏன் ரெண்டு சாட்சின்னா, ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு சொல்லட்டும்னுதான். அதுலயும் ரெண்டாவதை ஏன் சேர்ந்திருக்கற மாதிரி வச்சான்? வயர் அறுந்தாலும், கப்ளர் கழண்டாலும், ஸ்விட்ச் தேய்ஞ்சாலும் அது "பிரேக் மிதிச்சாச்சு"ன்னு அர்த்தம் ஆகி குரூஸ் விட்டுடும். கெடறதா இருந்தா நல்ல பக்கம் சாய்ஞ்சு கெடட்டும்னு பண்ணின ஏற்பாடு.

இந்த வண்டியில ரெண்டாவது ஜோடி தேய்ஞ்சு போச்சு. குரூஸ் பிடிக்கலை. அப்ப வேலை பார்த்தவர் அந்த ரெண்டு வயரையும் நீல வயரால சேர்த்துட்டார். இப்ப குரூஸ் பிடிக்குது, டிரைவருக்கு சந்தோஷம். ஆனா பிரேக் மிதிச்சதும் முதல் சாட்சி "மிதிச்சாச்சு"ங்குது, நீல வயர் "இல்லவே இல்லை"ங்குது. கம்ப்யூட்டருக்கு சந்தேகம் வந்துடுது. ரெண்டு பேர்ல யாரோ பொய் சொல்றாங்க, இனி சாவியை ஆஃப் பண்ணி வர்ற வரைக்கும் குரூஸே கிடையாதுன்னு கதவைச் சாத்திடுது. டிரைவர் கோளாறுன்னு நினைச்சுக்கிட்டு வந்தது, அந்த வண்டியில பாக்கியிருந்த ஒரே நல்ல புத்தியைத்தான்.

சயா இதை விளக்கினதும் டிரைவர் கேட்ட கேள்வி இருக்கே! ஆள் புத்திசாலி. "அப்ப அந்த முதல் வயரையும் கம்ப்யூட்டருக்குப் போகாம வெட்டிட்டா சண்டையே வராதுல்ல சயா?"

வராதுதான். பின் விளக்கு பாட்டுக்கு எரியும், குரூஸ் எத்தனை தடவை வேணும்னாலும் பிடிக்கும். ஆனா பிரேக் மிதிச்சாலும் விடாது. கால் ஒரு பக்கம் அமுக்க, இன்ஜின் இன்னொரு பக்கம் டீசலைக் கூட்டும். கிளட்ச் மிதிச்சாலோ பட்டனை அணைச்சாலோ நிறுத்தலாம், அது பதட்டத்துல ஞாபகம் வந்தாத்தான். எதிர்ல மாடு வர்றப்ப யாருக்கு பட்டன் ஞாபகம் வரும்?

சயா முடியாதுன்னுட்டார். டிரைவர் கெஞ்சினார், அப்புறம் கோவப்பட்டார். ராத்திரி லோடு ஏத்தணும், விடியறதுக்குள்ள பெகு தாண்டணும், முட்டி வீங்கிக் கிடக்கு, வண்டிக்கு வட்டி கட்டணும். எல்லாமே நியாயமான காரணங்கள், எனக்கே பாவமா இருந்தது. சயா பேசாம கட்டரை எடுத்து நீல வயரை வெட்டி எடுத்தார், அசல் வயர்களை டேப் சுத்தி விட்டார். "இப்ப குரூஸ் சுத்தமா வராது. ஸ்விட்ச் கிடைச்சதும் போன் பண்றேன். அதுவரைக்கும் ஓடும்போது சாவியைத் தொடாதீங்க." கூலியும் வாங்கலை. டிரைவர் கதவை அறைஞ்சு சாத்திட்டுப் போனார்.

அவர் போனதுக்கப்புறம் நான் கேட்டேன், "சயா, நீங்க மாட்டேன்னா வேற பட்டறையில பத்து நிமிஷத்துல பண்ணிக் குடுத்துடுவாங்களே?"

"குடுப்பான் தம்பி. அது அவன் கை."

அவ்வளவுதான் சொன்னார். சோடா குடிக்கப் போயிட்டார்.

அமெரிக்காவுல பழைய பிக்-அப் வச்சிருக்கற பதிவர் நண்பர்களுக்காக இங்க ஒரு சேதி. இதே பிரேக்-குரூஸ் சந்திப்புல ஃபோர்டு பட்ட பாடு பெரிய கதை. 1990-கள்ல இருந்து 2000-களின் தொடக்கம் வரைக்கும் வந்த எஃப்-150 மாதிரியான பல வண்டிகள்ல, குரூஸை ரத்து பண்ற ஒரு ஸ்விட்ச் பிரேக் ஆயில் லைன்லயே பொருத்தியிருந்தது. ஒரு பக்கம் பிரேக் ஆயில், இன்னொரு பக்கம் கரண்ட், நடுவுல மெல்லிசா ஒரு சவ்வு. சாவி எடுத்தாலும் அந்த ஸ்விட்சுக்குக் கரண்ட் வந்துக்கிட்டேதான் இருக்கும். சவ்வு விரிசல் விட்டு ஆயில் உள்ளே கசிஞ்சா துரு, சூடு, தீ. ராத்திரி வீட்டு கராஜ்ல சும்மா நின்ன வண்டி எரிஞ்சிருக்கு. 1999-ல் இருந்து 2009 வரைக்கும் தவணை தவணையா திரும்ப அழைச்ச வண்டிகள் 1 கோடியே 40 லட்சத்துக்கு மேல. பரிகாரமா போட்டது ஃபியூஸ் வச்ச ஒரு சின்ன வயர். பழைய ஃபோர்டு வாங்கறவங்க அது போட்டிருக்கான்னு ஒரு தடவை பானட்டைத் திறந்து பார்த்துடுங்க.

இன்னொண்ணு. பழைய அமெரிக்க வண்டிகள் சிலதுல குரூஸ், பிரேக் விளக்கு பல்பு வழியாத்தான் எர்த் தேடும். பல்பு எல்லாம் ஃபியூஸ் போயிருந்தாலோ, அழகுக்காக எல்.இ.டி. மாத்தியிருந்தாலோ குரூஸ் பிடிக்காது. ஆயிரக்கணக்குல செலவு பண்ணி கம்ப்யூட்டர் மாத்தறதுக்கு முன்னாடி பின்னாடி போய் பல்பைப் பாருங்க சாமிகளா.

ஸ்விட்ச் தேடின கதைக்கு வர்றேன். இறக்குமதிக் கெடுபிடியில புதுசு கிடைக்கறது குதிரைக்கொம்பு. கிடைச்சாலும் விலை கேட்டா தலை சுத்தும். அதனால ஜப்பான்ல இருந்து வெட்டிக் கொண்டு வந்த வண்டிகளோட சாமான் விக்கற கடைகள்தான் கதி. மூணு ஞாயித்துக்கிழமை சயா கூட சுத்தினேன். பர்மியில பேரம் பேசறது பாடப்புத்தகத்துல வராத பாடம், அந்த வகையில எனக்கு லாபம். மூணாவது கடையில அச்சு அசலா ஒரே மாதிரி ரெண்டு ஸ்விட்ச் இருந்தது. அதே நிறம், அதே நாலு பின். வாங்கிடலாம்னு கையை நீட்டினேன். சயா பையில இருந்து மல்டிமீட்டரை எடுத்தார். ஒண்ணுல ரெண்டு ஜோடியும் ஒரே மாதிரி, சும்மா இருக்கும்போது பிரிஞ்சே இருந்தது. வேற ஏதோ மாடலுக்கானது. அடுத்ததுல ஒரு ஜோடி சேர்ந்து, ஒரு ஜோடி பிரிஞ்சு. இருபது தடவை அமுக்கி அமுக்கி விட்டுப் பார்த்தார், ஒவ்வொரு தடவையும் மீட்டர் 'பீப்' அடிச்சு நிக்குதான்னு. கடைக்காரம்மா முகம் போன போக்கைப் பார்க்கணுமே! "சயா, வாங்கப் போறீங்களா, வாசிக்கப் போறீங்களா?"

டிரைவர் வந்தார். வருவார்னு நான் நினைக்கலை. முந்தைய மூணு வாரமும் கால்லதான் ஓட்டியிருக்கார், இறங்கறப்ப முன்னைவிட மோசமா நொண்டினார். அதுக்கு சயா மன்னிப்பு எதுவும் கேக்கலை, டீ மட்டும் வாங்கிக் குடுத்தார்.

ஸ்விட்ச் மாத்தறது பதினஞ்சு நிமிஷ வேலை. கப்ளரைக் கழட்டு, லாக் நட்டைத் தளர்த்து, திருகி எடு, புதுசைத் திருகு. சரியா வைக்கறதுதான் நேரம். ரொம்ப உள்ளே தள்ளி வச்சா பெடல் முழுசா மேலே வராம பிரேக் லேசா பிடிச்சுக்கிட்டே இருக்கும். ரொம்ப வெளியே வச்சா மிதிக்காமலே விளக்கு எரியும், குரூஸும் பிடிக்காது. ஒரு மில்லிமீட்டர் சொச்சம் இடைவெளி. பெடல் அசைஞ்ச உடனே விளக்கு வரணும்னு நாலு தடவை திருகிப் பார்த்தார், நான் மறுபடி பின்னாடி நின்னு கத்தினேன்.

கையோட கிளட்ச் ஸ்விட்ச்சையும் பார்த்தார். ஸ்விட்ச் நல்லா இருந்தது. ஆனா அதை அமுக்கிப் பிடிக்கிற, பெடல் பட்டையில செருகியிருக்கற சின்ன ரப்பர் குமிழ் விரல் பட்டதும் பொடியா உதிர்ந்துச்சு. பழைய ஜப்பான் வண்டிகள்ல இது சகஜம், வயசான ரப்பர் பிஸ்கட் மாதிரி ஆயிடும். அது விழுந்தா, கிளட்ச் மிதிச்சே இருக்குன்னு கம்ப்யூட்டர் நினைச்சுக்கும், குரூஸ் வராது. சயா அந்த ஓட்டையில மண்டை வழவழப்பான ஒரு சின்ன போல்ட்டைப் போட்டு நட்டு முடுக்கிட்டார்.

விடுவேனா நான்? "சயா, அன்னிக்கு நீல வயரை வெட்டினீங்க, இன்னிக்கு நீங்களே ஒட்டுவேலை பண்றீங்களே?"

சிரிச்சார். "இந்த போல்ட்டு கழண்டு விழுந்தா என்ன ஆகும்?"

"குரூஸ் பிடிக்காது."

"அந்த நீல வயரு?"

நான் பதில் சொல்லலை, அவரும் எதிர்பார்க்கலை. ஸ்பேனரைத் துடைச்சுக்கிட்டு இருந்தார்.

சாயங்காலம் காலி வண்டியை எடுத்துக்கிட்டு பாலம் தாண்டி தன்லியின் பக்கம் போனோம். நம்ம ஆட்களுக்கு அது சிரியம். முன் சீட்டுல டிரைவர், நடுவுல நான், இடப்பக்கம் சயா. கிளீனர் பையனுக்குப் பின்னாடி ஏத்தம். நீளமா ரோடு கிடைச்சதும் 60-ல பட்டனை அமுக்கினார் டிரைவர், காலை எடுத்தார், முட்டியைத் தடவிக்கிட்டார். வண்டி பாட்டுக்குப் போச்சு. நான் கை தட்டினேன். சயா தட்டலை. "பிரேக்கைத் தொடுங்க"ன்னார். விட்டுச்சு. "மறுபடி போடுங்க." பிடிச்சுது. "கிளட்ச்." விட்டுச்சு. "மறுபடி." "எக்ஸாஸ்ட் பிரேக்." விட்டுச்சு. இப்படியே போக வர, நான் எண்ணினவரைக்கும் இருபத்திரெண்டு தடவை. குரூஸ் பிடிக்குதான்னு அவர் ஒரு தடவைதான் பார்த்தார். விடுதான்னுதான் மீதி எல்லாம்.

திரும்பி வந்து டிரைவர் கூலியை எடுத்துக் குடுத்தப்ப அன்னிக்கு அறைஞ்ச கதவைப் பத்தி ரெண்டு பேருமே பேசலை. கப்ளர் சுத்தம் பண்ணினதுக்கு, ஸ்விட்ச்சுக்கு, போல்ட்டுக்குன்னு சயா கணக்கு சொல்ல, போல்ட்டுக்குக் காசு தர மாட்டேன்னு டிரைவர் பேரம் பேசினார். போல்ட் இலவசமாச்சு.

இருட்டற நேரம் கிளீனர் பையன் என்கிட்ட தனியா வந்து, ஓவர்டேக்குல தான் "போலாம்"னு சொல்றப்ப குரூஸ் ஓடிக்கிட்டு இருந்தா என்ன ஆகும்னு கேட்டான். ஆக்ஸிலேட்டரை மிதிச்சா அதுபாட்டுக்கு வேகம் எடுக்கும், விட்டா மறுபடி 60-க்கு வந்துடும்னு என் அரைகுறை பர்மியில சொன்னேன். 'லீவா'ன்னு சரியா உச்சரிச்சதுக்கு அவன் ஆச்சரியப்பட்டதுதான் இந்த வருஷத்துல எனக்குக் கிடைச்ச முதல் மார்க்.

ஹினோ டி.ஈ. லாரியை மலை ரோட்டுல பிரேக்கே இல்லாம சயா இறக்கின கதை ஒண்ணு இருக்கு. அது தனிப் பதிவு. கரண்ட் வரட்டும், எழுதறேன்.